பார்வையாளர் வரிசையில் ஒருவர் சாய்ந்தால்…



உலக அளவிலான விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும்போது நம் எல்லாருடைய கண்களும் ஆட்டக்காரர்கள் மேலேயே இருக்கின்றன. ஒரு வீரருக்குக் கணுக்கால் பிசகினால், இரண்டு பேர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதை டெலிவிஷனில் பார்க்கிறோம். அதே வேளையில் பார்வையாளர் வரிசையில், அறுபதாயிரம் பேருக்கு நடுவே, ஒரு பெரியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் அவரிடம் யார் போவார்கள்? எந்த வழியாகப் போவார்கள்? எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவார்கள்? இதைக் குறித்துச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. கடும் கோடைகாலம். போட்டி நடந்த இடங்களில் மருத்துவர்கள் சிகிச்சை அளித்தவர்கள் 10,715 பேர். அவர்களில் வீரர்கள் 1,804 பேர்தான். பார்வையாளர்கள் 3,482 பேர். தொண்டர்கள் 3,280 பேர். வெயிலின் கொடுமையால் மட்டும் 1,059 பேர் மருத்துவரிடம் வந்தார்கள். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பார்வையாளரும் தொண்டருமே. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க நின்றவர்களே தாகத்தால் தள்ளாடியிருக்கிறார்கள்! பிறருக்குப் பணிவிடை செய்வோர் தங்களை மறந்துவிடும் இந்த வழக்கம் மருத்துவமனை வார்டுகளிலும் நாங்கள் அடிக்கடி காண்பதுதான்.

ஆனாலும் கூட்டத்தின் அளவைப் பார்த்தால் எண்ணிக்கை குறைவே. மருத்துவரிடம் வந்தவர்கள் பத்தாயிரம் பார்வையாளருக்கு ஏறத்தாழ நான்கு பேர். இவ்வித இடங்களில் தலைவலி, மயக்கம், கால் கொப்புளம், படிக்கட்டில் தவறி விழுந்த சிராய்ப்பு என்று வருகிறவர்களே மிகுதி. நிழல், குடிநீர், உட்கார ஓர் இடம், ஒரு கட்டு. அவ்வளவில் அநேகர் திரும்பிப் போய் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அட்லாண்டாவில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டோர் 432 பேர் மட்டுமே.

உண்மையான சோதனை இதயம் நின்றுபோகும்போது வருகிறது. மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மைதானத்துக்கு வெளியே ஆம்புலன்ஸ் நின்றால் போதாது. செங்குத்தான படிகளில், நெருக்கமான இருக்கைகளுக்கு நடுவில், ஆரவாரத்தில் மெய்ம்மறந்து நிற்கும் ஜனங்களைத் தாண்டிக் கருவி வர வேண்டும்.

இது முடியும் என்று காட்டியது ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். 1992-இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த அதே மைதானம்தான். அங்கே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர்கள் பார்வையாளர் பகுதிகளில் பிரிந்து அமர்ந்திருப்பார்கள். இந்த முதலுதவி ஸ்தாபனம் இங்கிலாந்தில் 1877-இல் தோன்றி, 1883-இல் மெல்பர்னுக்கு வந்தது. யாராவது விழுந்தால் அருகிலுள்ள தொண்டர்கள் உடனே மார்பை அழுத்தத் தொடங்குவார்கள். டிஃபிபிரிலேட்டர் என்னும் மின்னதிர்ச்சிக் கருவியும் அவர்களிடமே இருக்கும். அதிகப் பயிற்சி பெற்றவர்கள் அடுத்து வந்து சேருவார்கள். அந்த மைதானத்திலும் அதே நகரத்துப் போர் நினைவிடத்திலும் இதயம் நின்று விழுந்த 28 பேரைக் குறித்த ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் 24 பேர் உயிருடன் மருத்துவமனைக்குப் போனார்கள். 20 பேர் குணமாகி வீடு திரும்பினார்கள். வீட்டிலோ தெருவிலோ இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே பல ஊர்களில் அரிது. அந்த இருபது குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்.

ஆட்டத்தின் பரபரப்பும் இதயத்தைத் தாக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு. 2006-இல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது மியூனிக் நகரிலும் சுற்றுப்புறத்திலும் மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். ஜெர்மன் அணி ஆடிய நாட்களில் இதய நோய் அவசரங்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு ஆயின. ஆண்களுக்கு 3.26 மடங்கு, பெண்களுக்கு 1.82 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் மிகுதி. வீட்டில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவருக்கும் இது பொருந்தும். ஆகவே இதய நோயாளிகள் ஆட்டத்தின் சுவாரசியத்தில் மாத்திரையை மறந்துவிடக் கூடாது.

இனி, வருத்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூல் அணியின் ரசிகர்கள் இரும்பு வேலிக்குள் நெரிந்து மூச்சுத் திணறினார்கள். மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆம்புலன்ஸ்கள் பல வந்தும், புல்தரைக்குள் நுழைந்தவை ஒரு சிலவே. ரசிகர்களே விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி, அவற்றில் காயப்பட்டோரைக் கிடத்திச் சுமந்தார்கள். மாண்டவர் தொகை 97; கடைசியானவர் 32 ஆண்டுகள் கழித்து, 2021-இல் மரித்தார். போலீசாரும் ஆம்புலன்ஸ் சேவையும் செய்த தவறுகள் இதற்குக் காரணமாயின என்றும், ரசிகர்கள்மேல் குற்றமில்லை என்றும் 2016-இல்தான் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

அன்று இரவு மைதானத்து உடற்பயிற்சிக் கூடமே பிணவறையாயிற்று. பெற்றோர் வரிசையில் நின்று, பலகையில் ஒட்டிய புகைப்படங்களில் தங்கள் பிள்ளையின் முகத்தைத் தேடினார்கள். மருத்துவமனை வாசலில் உறவினரோடு காத்திருப்பதையே பணியாகக் கொண்ட எங்களுக்கு, இந்தச் செய்தியை வாசித்த பிறகு நெடுநேரம் வேறொன்றும் ஓடவில்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவது போலவே, யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று எழுதி வைப்பதும், காத்திருப்போருக்கு ஒரு நாற்காலியும் உண்மையான தகவலும் கொடுப்பதும் சிகிச்சையின் பாகமே.

1990-இல் நீதிபதி டெய்லர் கொடுத்த அறிக்கை, ஆயிரம் பார்வையாளருக்குப் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் ஒருவராவது வேண்டும் என்றது. இரண்டாயிரம் பேருக்கு மேல் கூடினால் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். ஐயாயிரம் பேர் என்றால் முழு வசதியுள்ள ஆம்புலன்ஸ் ஒன்றாவது நிற்க வேண்டும். கணக்கு எளியதுதான். 95 உயிர்கள் போன பிறகே அது எழுத்தில் வந்தது.

நாம் பார்வையாளராகப் போகும்போது அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இதயம் நின்றவர் சில நிமிடங்கள் வரை விட்டுவிட்டுக் குறட்டை போல மூச்சிழுப்பதுண்டு. பக்கத்திலிருப்பவர்கள் தூங்குகிறார் என்றோ குடித்திருக்கிறார் என்றோ எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது மூச்சு அல்ல. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் ஒருவரை உதவிக்கு அனுப்பி, வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் சொல்லச் சொல்லுங்கள். “அந்தப் பக்கம்” என்று கை காட்டினால் எண்பதாயிரம் பேரில் எவரைக் கண்டுபிடிப்பது? இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் சரிந்தவரைச் சமதரையில் கிடத்தி, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்துங்கள். களைத்தால் அடுத்தவரை அழையுங்கள். முதலுதவியாளர் கருவியோடு வரும்வரை நிறுத்தாதீர்கள்.