நம்பிக்கைக்கு ஓர் அளவுகோல்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் நடைபெறும் நாப்ஃபா உடலுறுதித் தேர்வில் மாணவர்கள் 2.4 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் துல்லியமாகப் பதிவாகிறது. ஆனால், தேர்வு முடிந்த அடுத்த வாரம் அதே மாணவர் தாமாகவே ஓடச் செல்வாரா என்பதைக் கடிகாரம் சொல்வதில்லை.

அதை ஓரளவு அறிய உதவுவது, 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்று ஒருவர் தம் ஆற்றல்மீது வைத்திருக்கும் நம்பிக்கை. உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு இக்கருத்தை விளக்கினார். இது பொதுவான தன்னம்பிக்கை அன்று. மேடையில் தயங்காமல் பேசும் மாணவிக்கு நீச்சல் குளத்தைக் கண்டால் கால் நடுங்கலாம். ஆகவே, ஒவ்வொரு செயலுக்கும் தனியாக அளக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நம்பிக்கையை எப்படி அளப்பது? பண்டூரா பரிந்துரைத்த வினாப்பட்டியலில் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே 0 முதல் 100 வரை ஓர் எண்ணை எழுத வேண்டும். 0 என்றால் 'அறவே முடியாது'; 100 என்றால் 'உறுதியாக முடியும்'. "உடற்பயிற்சி செய்ய முடியுமா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலோர் 'முடியும்' என்றே சொல்லிவிடுவர். தடைகளைச் சேர்த்துக் கேட்கும்போதுதான் வேறுபாடு தெரியும். களைத்து வீடு திரும்பிய நாளில் முடியுமா? தேர்வு நெருங்கும் வாரத்தில்? மழையில் திடல் நனைந்திருக்கும்போது? உடன்வர நண்பர் இல்லாதபோது? முதல் கேள்விக்கு 90 எழுதிய மாணவர் கடைசிக் கேள்விக்கு 30 எழுதக்கூடும். வகுப்பில் பலர் அப்படி எழுதியிருந்தால், அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வதில் பொருளில்லை. ஓட்டக் குழுக்கள் அமைத்துக் கொடுப்பதே பயன் தரும்.

சொற்களிலும் கவனம் தேவை. 'செய்வேன்' என்பது எண்ணத்தைக் காட்டும். 'செய்ய முடியும்' என்பதே நம்பிக்கையைக் காட்டும். தாளில் பெயர் எழுதாமல் இருப்பதும் நல்லது. ஆசிரியர் பார்ப்பார் என்று தெரிந்தால் எண்கள் தாமாகவே ஏறிவிடுமே!

5 முதல் 17 வயதுடையோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கு 20 எழுதும் ஒருவர், 10 நிமிட வேகநடைக்கு 80 எழுதலாம். அவர் அங்கிருந்தே தொடங்கலாம். ஏனெனில், இத்தகைய நம்பிக்கையைப் பெரிதும் வளர்ப்பது தாமே செய்து வெற்றி கண்ட அனுபவம் என்பது பண்டூராவின் முடிவு. சில வாரங்கள் கழித்து அதே வினாப்பட்டியலை மீண்டும் நிரப்பினால், அந்த 20 எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.