பாட்டிலில் எழுதியிருக்கும் பன்னிரண்டு மாதம் யார் கணக்கு?

ஸ்ப்ரே செராமிக் கோட்டிங் வாங்கப் போகிறவர் பாட்டிலில் முதலில் தேடுவது மாதக் கணக்கைத்தான். ஆறு மாதம், பன்னிரண்டு மாதம், சிலவற்றில் இரண்டு வருடம் என்றுகூடப் போட்டிருக்கும். அந்த எண்ணை நம்பித்தான் பக்கத்து அடுக்கில் இருக்கும் சாதாரண வேக்ஸை விட்டுவிட்டுக் கூடுதல் காசு கொடுக்கிறோம். எந்த வண்டியில், எந்த வெயிலில், எந்தத் தண்ணீரில் கழுவிப் பார்த்து அந்த எண்ணைப் போட்டார்கள் என்று கேட்பது நம் உரிமை. நுகர்வோர் சட்டமும் அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

இந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாட்டிலில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர் அல்லது கரைப்பான். அதில் சிலிக்கான் சேர்ந்த வேதிப்பொருள்கள் கொஞ்சம் கலந்திருக்கும். அடித்துத் துடைத்ததும் கரைப்பான் ஆவியாகிவிட, மிச்சம் இருப்பது பெயின்டின் மேல் மிக மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. காரின் மேல்பூச்சான க்ளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் தடிமன் இருக்கும். ஸ்ப்ரே விட்டுச்செல்லும் படலம் ஒரு மைக்ரான்கூடத் தேறாது. தண்ணீரை உருட்டித் தள்ளவும் அழுக்கைச் சுலபமாகக் கழுவிவிடவும் அந்தப் படலம் போதும். கல் தெறிப்பதையும், தூசித் துணியால் துடைக்கும்போது விழும் கீறலையும் அது தடுக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் வருவது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9எச் என்பது அந்தச் சோதனையில் பயன்படும் மிகக் கடினமான பென்சில், அவ்வளவுதான். வைரத்துக்கு 10 கொடுக்கும் கனிமக் கடினத்தன்மை அளவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. இரண்டையும் குழப்பி ‘வைரத்துக்கு அடுத்த கடினம்’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

பிறகு ஏன் ஒருவருக்கு எட்டு மாதம் நிற்கும் கோட்டிங் இன்னொருவருக்கு இரண்டே மாதத்தில் போய்விடுகிறது? படலத்தைத் தின்பவை நான்கு: புற ஊதாக் கதிர், காரம் மிகுந்த சோப்பு, தேய்ப்பு, தண்ணீரில் உள்ள உப்பு. நம் ஊரில் நான்குக்கும் குறைவில்லை. மூடிய நிறுத்தத்தில் நிற்கும் வண்டியும், அக்னி நட்சத்திரத்தில் அலுவலக வாசலில் காய்கிற வண்டியும் ஒன்றில்லை. வாட்டர் வாஷ் கடைகளில் அழுக்கைச் சட்டென்று எடுப்பதற்காகக் காரம் கூடிய ஃபோமை அடித்தால் படலத்தின் ஆயுள் அங்கேயே குறையத் தொடங்கும். எல்லாவற்றையும்விட நம்மூருக்கே உரிய எதிரி போர் தண்ணீர். கோட்டிங் போட்ட பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது பார்க்க அழகு. அந்த முத்துகளைத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் வெள்ளை வளையமாக உப்பு படிகிறது. அது கெட்டியாகப் பிடித்துவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாலிஷ் போட்டால் கோட்டிங்கும் சேர்ந்து போய்விடும். ஆகவே கோட்டிங் போட்டவர்கள் கழுவியதும் நிழலில் வைத்து மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றித் துடைப்பது கட்டாயம். பாட்டிலில் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நிறுவனங்கள் ஆயுளைச் சோதிப்பதற்கு ஆய்வக முறைகள் இருக்கின்றன. பூசிய தகட்டைப் புற ஊதா விளக்கு அல்லது செனான் விளக்கின் கீழ் வைத்து, இடையிடையே நனைத்துக் காயவைத்துப் பல நூறு மணி நேரம் ஓட்டுவார்கள். வாகனப் பெயின்டுக்கு எஸ்ஏஇ ஜே2527 என்று தனித் தரமுறையே உண்டு. ஆனால் விளக்கின் கீழ் ஓடிய மணி நேரத்தை இத்தனை மாதத்துக்குச் சமம் என்று மாற்றுவது ஒரு கணிப்பு. அந்தக் கணிப்பில் ஃபோம் வாஷும் உப்புத் தண்ணீரும் சேர்ந்திருக்கிறதா என்று பாட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வீட்டிலேயே நேர்மையான சோதனை ஒன்றைச் செய்யலாம். அதற்குத் தேவை ஒட்டுநாடாவும் பொறுமையும். பானெட்டை நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் துகள்களைக் க்ளே பாரால் எடுத்து, பழைய வேக்ஸும் எண்ணெயும் போக ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கலந்த துடைப்பானால் துடையுங்கள். நடுவில் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை நீளவாக்கில் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் கோட்டிங் போடுங்கள். மறுபாதி வெறுமையாகவே இருக்கட்டும். இந்த வெறும் பாதிதான் சோதனையின் உயிர். நல்ல நிலையில் இருக்கும் பெயின்ட் எந்தக் கோட்டிங்கும் இல்லாமலே ஓரளவு தண்ணீரை உருட்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வெறும் பெயின்ட் இல்லாவிட்டால், அந்தப் பெருமையும் கோட்டிங் கணக்கில் ஏறிவிடும். இரண்டு பாதியையும் ஒரே ஷாம்பூவால், ஒரே மாதிரி கழுவுங்கள். வேக்ஸ் கலந்த ஷாம்பூ வேண்டாம். அது செத்துப்போன கோட்டிங்குக்கும் உயிர் இருப்பதுபோலக் காட்டிவிடும்.

மாதம் ஒருமுறை, கழுவிய பிறகு, ஒரே குவளையால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றித் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். தொடக்கத்தில் கோட்டிங் பக்கம் தண்ணீர் உருண்டைகளாகப் பிரிந்து சில நொடிகளில் கிரில் பக்கம் ஓடிவிடும். வெறும் பக்கம் அந்த அளவுக்கு உருளாமல் பரவிச் சோம்பி நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நாள் வரும். அன்றைக்கே முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே படிந்த அழுக்கும் உப்பும் கோட்டிங்கை மூடி மறைத்திருக்கலாம். உப்புக் கறை நீக்கும் திரவத்தால் ஒருமுறை சுத்தம் செய்து மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். உருண்டை திரும்பி வந்தால் கோட்டிங் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் போய்விட்டது. கதவிலும் இதே சோதனையைச் செய்தால் இன்னொன்றும் புரியும்: வானத்தைப் பார்த்திருக்கும் பானெட்டைவிடச் செங்குத்தான கதவில் கோட்டிங் அதிக நாள் நிற்கும். விளம்பர வீடியோவில் கதவில் தண்ணீர் அடித்துக் காட்டினால் பானெட் எங்கே என்று கேளுங்கள்.

காசு போவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மூச்சு. 2006 மார்ச்சில் ஜெர்மனியில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அடிக்கும் ‘மேஜிக் நானோ’ என்ற ஏரோசால் ஸ்ப்ரேயைப் பயன்படுத்திய சுமார் நூறு பேருக்கு மூச்சுத் திணறலும் இருமலும் ஏற்பட்டு, அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. கரைப்பானில் கலந்து ஸ்ப்ரேயாக விற்கப்படும் ஒரு வகை ஃப்ளோரோ சிலேன் பொருள்களைப் பொதுமக்களுக்கு விற்க 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் நுரையீரல் பாதிப்பை முன்னிட்டுத்தான். எல்லா ஸ்ப்ரேயும் அப்படி என்று சொல்லவில்லை. தண்ணீரை விரட்டும் எந்த வேதிப்பொருளும் மிக நுண்ணிய துளியாகி நுரையீரலுக்குள் போகக் கூடாது என்பதை மனதில் வைத்தால் போதும். மூடிய ஷெட்டில் அடிக்காதீர்கள். காற்றில் அடிக்காமல் துணியில் அடித்துத் தேய்ப்பது நல்லது. கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். டீட்டெயிலிங் கடையில் நாள் முழுவதும் இதே வேலை செய்யும் பையன்களுக்கு முகக்கவசம் இல்லாவிட்டால் முதலாளியிடம் நாமே கேட்கலாம். அடித்தபின் நெஞ்சு இறுக்கமோ விடாத இருமலோ வந்தால் பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ எவை என்று பிரிவு 2(47)-இல் பட்டியலிடுகிறது. முறையான சோதனை எதுவும் இல்லாமல் ஒரு பொருளின் ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுப்பதும் அதில் ஒன்று. ‘நாங்கள் சோதித்துத்தான் சொன்னோம்’ என்று விற்பவர் வாதாடினால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பிடி கிடையாது. ஆய்வகம் வைத்து நாம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதம் என்று அவர்கள் சொன்னதையும், அதை நம்பி வாங்கியதையும், அது நிற்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். பாதி பானெட் வீடியோ இங்கேதான் கைகொடுக்கும். பில், பாட்டிலின் படம், பேட்ச் எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மிச்சம் இருக்கும் திரவம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பொருளை ஆய்வு செய்தால்தான் குறை தெரியும் என்று, புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் கருதினால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. பில் கொடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகளின் அதே பட்டியலில் சொல்லப்பட்டிருக்கிறது. எனவே ‘பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன்’ என்பதற்கு மயங்காதீர்கள்.

புது கார் எடுக்கும்போது ஷோரூமில் செராமிக் கோட்டிங் போட்டால்தான் வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்று வற்புறுத்துவதை நிறையப் பேர் அனுபவித்திருப்பார்கள். ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது இதே சட்டத்தில் ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’. வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். விரும்பிப் போடுவதாக இருந்தால் உத்தரவாத அட்டையைக் காசு கொடுப்பதற்கு முன் வாசியுங்கள். பறவை எச்சமும் தண்ணீர்க் கறையும் விலக்கப்பட்டிருக்கலாம். ஆண்டுக்கொருமுறை அவர்கள் கடையிலேயே கட்டணப் பராமரிப்பு செய்தால்தான் செல்லும் என்றும் எழுதியிருக்கலாம். கோட்டிங் போனால் பணம் திரும்புமா, மறுபடி பூசிக் கொடுப்பார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சில நூறு ரூபாய் பாட்டிலுக்கு வழக்கு எதற்கு என்று தோன்றும். அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். இணையக் கடையில் வாங்கியிருந்தால் 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். விளம்பரமே பொய் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். அது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடக்கூடியது. காசு வாங்கிக்கொண்டு பாராட்டும் வீடியோக்காரர், அதை வீடியோவிலேயே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

பல ஆயிரம் கொடுத்துப் போட்ட கோட்டிங் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கும் டாக்சி ஓட்டுநரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். ‘வணிக உபயோகம்’ என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்றுக்கொள்ளலாம் என்றாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கோட்டிங் போய்விட்டது என்று தெரிந்ததும் கடைக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பி, அவர்கள் மறுத்த தேதியைக் குறித்து வையுங்கள்.