கரிசல் புழுதியும் என்ஜின் ஆயிலும்

சங்கரன்கோவில் வட்டாரத்துத் திருவேங்கடத்தைச் சூழ்ந்து கிடக்கும் கரிசல் பூமியில், மழையை நம்பி நடக்கும் மானாவாரி விவசாயம், இன்று டிராக்டரையும் மோட்டார் சைக்கிளையும் அதே அளவுக்கு நம்பி நடக்கிறது. கோடை உழவில் டிராக்டருக்குப் பின்னால் எழும் புழுதியைக் கண்டவர்கள், அந்த யந்திரம் எத்தகைய காற்றைச் சுவாசித்து உழைக்கிறது என்பதை உணர்வார்கள். அதற்கு எந்த ஆயிலை ஊற்றுவது, எப்போது மாற்றுவது என்பது குடும்பத்தின் வருமானத்தையே தொட்டு நிற்கும் விஷயம்.

ஆயிலின் கடமை தேய்மானத்தைத் தடுப்பதோடு முடிவதில்லை. உஷ்ணத்தை ஏற்றுச் செல்வதும், எரிபொருள் எரிவதால் பிறக்கும் கரியையும் அமிலத்தையும் தன்னுள் வாங்கி உலோகத்தைக் காப்பதும் அதன் பொறுப்பே. ஆகையால், டீசல் என்ஜினில் புது ஆயில் சீக்கிரம் கறுப்பது அது வேலை செய்வதற்கு அத்தாட்சியேயன்றிக் கெட்டதற்கு அடையாளம் அன்று. அதில் சேர்த்துள்ள ரசாயனங்கள் தீரும்போது அதன் ஆயுள் முடிகிறது. அந்த முடிவை நிறம் காட்டாது.

டப்பாவில் காணும் 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30 முதலிய குறிகள், அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் 1911ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த வகைப்பாட்டின் வழிவந்தவை. முதல் எண் எவ்வளவு சிறிதோ, குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது ஆயில் அவ்வளவு இலகுவாக ஓடும். இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும். நம் வெயிலுக்குக் கெட்டியான ஆயிலே உத்தமம் என்னும் அபிப்பிராயம் பரவலாக இருப்பினும், மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த என்ஜினில் அது தாமதமாகவே சென்று சேர்வதோடு எரிபொருள் செலவையும் கூட்டும். மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான கியர் வண்டிகளில் என்ஜினும் கியரும் கிளட்சும் ஒரே ஆயிலில் நனைவதால், ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 பொறித்த ஆயிலே வேண்டும். உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

மாற்றும் காலத்துக்குக் கிலோமீட்டர் மட்டுமே கணக்கன்று. நின்ற இடத்திலேயே கதிரடிக்கும் யந்திரத்தை ஓட்டும் டிராக்டருக்கு மணிக்கணக்கே பிரமாணம். பல டிராக்டர்களுக்குப் புதிதில் 50 மணி, பின்னர் 250 மணிக்கு ஒருமுறை என்று தயாரிப்பாளர்கள் விதிக்கிறார்கள். வீட்டுக்கும் காட்டுக்குமாகச் சிறு தூரமே ஓடும் மோட்டார் சைக்கிளோ முழுச் சூடு ஏறுமுன் நின்றுவிடுவதால், நீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் மண்துகள் உட்புகுந்து சிலிண்டரை அராவும். எத்தனை விலையுயர்ந்த ஆயிலும் அதற்குப் பரிகாரமாகாது. ஆதலால், புழுதி நிறைந்த இடங்களுக்கென்று கையேட்டில் தனியாகக் குறுகிய காலம் குறித்திருந்தால், கரிசல் காட்டுக்கு அதுவே பொருந்தும். அதிகம் ஓடாத வண்டிக்கும் வருஷத்துக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றுவது நலம்.

வடித்தெடுத்த பழைய ஆயில், மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு கழிவு விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதை ஓடையிலோ வரப்பிலோ ஊற்றாமல், சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் சேரும்படி பணிமனையில் கொடுக்க வேண்டும். விளம்பரத்தைவிடக் கையேட்டையும், நிறத்தைவிட மணிக்கணக்கையும் நம்புங்கள். கடன்பட்டு வாங்கிய யந்திரம் கடன் தீர்ந்த பின்னும் உழைக்க அதுவே வழி.