பழைய படங்களில் பிரிட்டிஷ் தீயணைப்பு வண்டிகள்: அடையாளம் காணும் வழி

பழைய பிரிட்டிஷ் படங்களில் தீயணைப்பு வண்டி திரையில் நிற்பது சில நொடிகள்தான். அதற்குள் அதன் காலத்தையும் தயாரிப்பாளரையும் கண்டுகொள்ள ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்: வண்டியை இழுப்பது எது, வீரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், முன்முகத்தில் ரேடியேட்டர் எப்படி இருக்கிறது, மேலே என்ன ஏணி இருக்கிறது, பதிவெண் பலகையில் என்ன எழுத்துகள் உள்ளன. முதல் இரண்டும் காலத்தைச் சொல்லும். மற்றவை அதை உறுதிசெய்யும் அல்லது திருத்தும்.

மிகப் பழைய படங்களில் வருபவை குதிரை வண்டிகள். ஜேம்ஸ் வில்லியம்சன் 1901-இல் எடுத்த ‘ஃபயர்!’ என்ற குறும்படத்தில் ஹோவ் நகரத் தீயணைப்புப் படையினரே குதிரை வண்டிகளுடன் விரைகிறார்கள். குதிரை வண்டிகளில் இரண்டு வகை உண்டு. இருபுறமும் நீண்ட கைப்பிடிக் கம்பிகள் இருந்தால் அது ஆட்கள் வரிசையாக நின்று ஏற்றி இறக்கும் கைப்பம்பு. பின்பக்கம் செங்குத்தான கொதிகலனும் புகைபோக்கியும் தெரிந்தால் அது நீராவிப் பம்பு. நீராவிப் பம்புகளில் பேர்பெற்றவை லண்டன் நிறுவனங்களான மெரிவெதரும் ஷாண்ட் மேசனும். நீராவி இங்கே பம்பை இயக்கியதே தவிர, பெரும்பாலும் வண்டியை இழுக்கவில்லை. புகை கக்கும் வண்டிக்கு முன்னால் குதிரைகள் ஓடுவது அதனால்தான்.

1904-இல் ஃபின்ச்லி நகருக்காக மெரிவெதர் செய்த பெட்ரோல் வண்டியோடு மோட்டார் காலம் தொடங்கியது. கில்ட்ஃபோர்டைச் சேர்ந்த டென்னிஸ் சகோதரர்களின் முதல் தீயணைப்பு வண்டி 1908-இல் பிராட்ஃபோர்டுக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் லேலண்டும் களத்தில் இறங்கியது. இந்தத் தொடக்கக் கால வண்டிகளின் சக்கரங்களில் காற்று அடைக்காத கெட்டி ரப்பர் டயர்கள் இருக்கும். காற்றடைத்த டயர்கள் 1920-களில்தான் பரவலாயின.

காலத்தைத் தெளிவாகக் காட்டுவது இருக்கை அமைப்பு. வண்டியின் நடுவில் நீளவாட்டில் ஒரு பெட்டி, அதன் இருபுறமும் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்த வீரர்கள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி: இதுவே பிரெய்டுவுட் அமைப்பு. லண்டன் தீயணைப்புப் படையின் தலைவராக இருந்து, 1861-இல் டூலி தெருத் தீவிபத்தில் உயிரிழந்த ஜேம்ஸ் பிரெய்டுவுட்டின் பெயரால் இது வழங்கப்படுகிறது. குதிரை வண்டியில் பிறந்த இந்த அமைப்பு மோட்டார் வண்டியிலும் அப்படியே தொடர்ந்தது. கூட்டமான பேருந்தின் படிக்கட்டில் தொங்குவதைப் போன்ற பயணம் அது. மழையும் குளிரும் நேரே முகத்தில் அடித்தன. வேகமாகத் திரும்பும்போது வீரர்கள் தெருவில் விழும் ஆபத்தும் இருந்தது. எனவே இருக்கைகளை உள்நோக்கித் திருப்பிய வண்டிகள் வந்தன. 1930-களில் கூரையும் கதவுகளும் கொண்ட முழுமூடிய வண்டிகளும் சேர்ந்தன. திறந்த பிரெய்டுவுட் வண்டி தெரிந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்டது என்று கொள்ளலாம்.

தயாரிப்பாளரை அறிய முன்முகத்தைப் பார்க்க வேண்டும். டென்னிஸ், லேலண்டு இரண்டும் ரேடியேட்டரின் மேற்பகுதியிலேயே தம் பெயரைப் பொறித்தன, ஏ.ஈ.சி. வண்டியில் முக்கோணச் சின்னம் இருக்கும். மெரிவெதர் மட்டும் குழப்பும். இந்நிறுவனம் பம்பையும் உடற்பகுதியையும் ஏணியையும் தானே செய்தாலும், அடிச்சட்டத்தை ஆல்பியன், பின்னர் ஏ.ஈ.சி. போன்ற நிறுவனங்களிடம் வாங்கியது. ஆகவே பக்கவாட்டில் ஒரு பெயரும் ரேடியேட்டரில் வேறொரு பெயரும் இருப்பது பிழையல்ல.

இரண்டாம் உலகப் போர்க்கால வண்டிகள் தனி இனம். 1938-இல் துணைத் தீயணைப்புப் படை அமைந்தது. 1941-இல் எல்லாப் படைகளும் தேசியத் தீயணைப்புப் படையாக ஒன்றாயின. இவற்றின் வண்டிகள் சாம்பல் நிறமானவை. விளக்குகளுக்கு மறைப்பு மூடி, இருட்டடிப்பில் தெரிவதற்காக மட்கார்டு விளிம்பில் வெள்ளைப் பட்டை, பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் பம்பு ஆகியவை இவற்றின் அடையாளங்கள். இழுவை வண்டியாக ஆஸ்டின் கே2 ஏராளமாகப் பயன்பட்டது. ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் 1943-இல் வெளியிட்ட ‘ஃபயர்ஸ் வேர் ஸ்டார்ட்டட்’ படத்தில் நடித்தவர்கள் உண்மையான தீயணைப்பு வீரர்கள் என்பதால், அக்கால உபகரணங்களை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல ஆதாரம்.

1948-இல் தீயணைப்புப் பணி மீண்டும் உள்ளாட்சிகளிடம் சென்றது. அதன் பிறகு வந்த டென்னிஸ் எஃப் வரிசையில் எஃப்7, எஃப்12 வண்டிகள் ரோல்ஸ்-ராய்ஸ் பெட்ரோல் எஞ்சினும் நீண்ட முன்மூக்கும் கொண்டவை. 1950-களில் பெட்ஃபோர்டு அடிச்சட்டத்தில் அரசு செய்வித்த பச்சை நிற வண்டிகள் ‘கிரீன் காடஸ்’ என்று பெயர்பெற்றன. இவை அணு ஆயுதத் தாக்குதல் நேர்ந்தால் பயன்படுத்துவதற்காகச் சேமித்து வைக்கப்பட்டவை. 1977-இல் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவத்தினர் இவற்றை ஓட்டினர்.

ஏணியும் உதவும். வண்டியின் பின்புறம் இரண்டு பெரிய மாட்டுவண்டிச் சக்கரங்கள் தொங்கினால் அது சக்கர ஏணி. அதை இறக்கி, தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்ப்பார்கள். அடிமேடையோடு சுழன்று உயரும் நீண்ட ஏணி சுழலேணி எனப்படும்.

பதிவெண் ஊரையும் காலத்தையும் காட்டும். 1904 முதல் ஓரிரு எழுத்துகள் பதிவான இடத்தைக் குறித்தன: எஸ் என்றால் எடின்பரோ, கே.சி. என்றால் லிவர்பூல். 1932 முதல் மூன்று எழுத்துகள் வந்தன. அவற்றில் கடைசி இரண்டுமே இடக்குறியீடு. எண்ணின் இறுதியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருந்தால் வண்டி 1963-இலோ அதற்குப் பின்னரோ பதிவானது. ஒலியும் துணை செய்யும்: பித்தளை மணி பழையது, இருதொனி ஹார்ன் 1960-களில் பரவியது.

சில எச்சரிக்கைகள் உண்டு. 1920-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான படச்சுருள்கள் சிவப்பை உணராதவை. ஆகவே சிவப்பு வண்டி திரையில் கறுப்பாகத் தெரியும். படத்துக்காகப் பொய்ப் பதிவெண் மாட்டுவதும், ஒலியைப் பின்னர் சேர்ப்பதும் வழக்கம். கதை நடக்கும் ஆண்டை வைத்து வண்டியின் வயதைக் கணிப்பதும் தவறு. சிறிய ஊர்ப் படைகள் முப்பது ஆண்டுப் பழைய வண்டியையும் ஓட்டின. படப்பிடிப்புக் குழுக்களோ கையில் கிடைத்த பிற்கால வண்டிக்குப் புது வண்ணம் அடித்துப் பயன்படுத்தின. எளிதில் மாற்ற முடியாத அடிச்சட்டம், ரேடியேட்டர், இருக்கை அமைப்பு ஆகியவற்றை முதலில் நம்ப வேண்டும். வண்ணம், பதிவெண், மணியோசை ஆகியவை அவற்றோடு பொருந்தினால் மட்டுமே சான்றாகும்.