பொறியில் விளைந்த அருள்

திண்டுக்கல் நகரம் பூட்டுக்குப் பெயர்பெற்றது. மலைக்கோட்டையின் நிழலிலும் சமவெளிச் சிற்றூர்களிலும் வாழும் கைவினைஞர், இரும்பை அரத்தால் அராவிப் பூட்டும் திறவுகோலும் இயையுமாறு செய்வர். அவர்தம் பூட்டு 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. திறவுகோல் மயிரிழை பிறழினும் பூட்டுத் திறவாது. பொருளோடு பொருள் பொருந்துதற்கே இத்துணை நுட்பம் வேண்டுமெனின், மனித உடலோடு பொருந்த வேண்டிய கருவிக்கு எத்துணை நுட்பம் வேண்டும்! இத்துறையில் உழைத்து வருபவர் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்ற அவர், அமெரிக்க நாடு சென்று ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மனிதர் நடக்கும் முறையும் செயற்கைக் காலின் அமைப்பும் அவர்தம் ஆராய்ச்சிப் பொருள்களாயின. பின்னர்த் தாம் பயின்ற கழகத்திற்கே ஆசிரியராகத் திரும்பினார். மறுவாழ்வுக் கருவிகளை ஆராய்ந்து ஆக்கும் டி.டி.கே. மையம் அவர் தலைமையில் அங்கு உருவாயிற்று.

முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் இயங்காதார் நாள் முழுதும் அமர்ந்தே இருக்க நேர்கிறது. அதனாற் குருதியோட்டம் குறையும். அழுந்திய இடத்திற் புண் தோன்றும். எலும்பின் வலிமை கெடும். இடையிடையே நிற்பின் இத்துன்பங்கள் தணியும். நிற்கச் செய்யும் நாற்காலிகள் அயல்நாடுகளில் இருந்தன. அவற்றின் விலையோ எளியோர்க்கு எட்டாதது. இக்குறையைக் களையப் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் முனைந்தனர். அமர்ந்தவர் தம் கையாற்றலாலேயே எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலி 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. சுருள்வில் உடற்பாரத்தைத் தாங்குதலின் சிறு முயற்சியே போதும். அவரவர் எடைக்கேற்ப வில்லின் விசையைத் திருத்திக்கொள்ளலாம்.

கதவின் கீல் ஓர் அச்சிலேயே சுழலும். செயற்கை முழங்காலையும் அவ்வாறே அமைப்பின், நிற்கும்போது அஃது எதிர்பாராது மடங்கி மனிதரை வீழ்த்தக்கூடும். ஆதலின் 2022ஆம் ஆண்டு இம்மையம் வெளியிட்ட ‘கதம்’ என்னும் முழங்காலில், மடங்குந்தோறும் சுழலும் நடுப்புள்ளி இடம்பெயருமாறு சட்டங்கள் பிணைக்கப்பட்டன. கதம் என்னும் இந்திச் சொல்லுக்குக் காலடி என்பது பொருள். இத்தகைய முழங்கால் நிற்குங்கால் உறுதியாக இருக்கும். அடியெடுத்து வைக்குங்கால் பாதம் நிலத்தில் தட்டாது உயரும். வரப்பும் மேடுபள்ளமும் நிறைந்த பாதைகளில் நடப்பார்க்கு இவ்வியல்பு பெருந்துணையாம்.

ஆசிரியர் ஏற்றிய விளக்கு மாணவரிடத்தும் சுடர்கின்றது. அவர்தம் மாணவர் தோற்றுவித்த நியோமோஷன் நிறுவனம், 18 வகையில் உடலுக்கேற்பத் திருத்தத்தக்க ‘நியோஃபிளை’ நாற்காலியைச் செய்து வழங்குகின்றது.

கருவி செய்யக் கணக்கறிவு வேண்டும்; எக்கருவி வேண்டுமென அறியப் பிறர் இடரை உணரும் நெஞ்சம் வேண்டும். தன் பள்ளியின் வாயிற்படியில் ஒரு சக்கர நாற்காலி ஏற இயலுமா என்று எண்ணிப் பார்க்கும் மாணவன், இக்கல்வியின் முதற்பாடத்தைத் தொடங்கியவன் ஆவான்.