கைதுக்கான காரணம் கைதானவரின் மொழியில், எழுத்தில்: டிராம்பே தமிழர்கள் அறிய வேண்டிய சட்ட உரிமைகள்

மும்பை: டிராம்பே சீத்தா கேம்ப் பகுதியில், மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த ஒருவரைக் காவல்துறை கைது செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை மராத்தியில் இருக்கும். பஞ்சநாமாவும் மராத்தியில்தான். அவருக்கோ கடைத்தெருவில் பேசும் அளவுக்கே இந்தி தெரியும்; தேவநாகரி எழுத்தை வாசிக்க வராது. தம் மீது சுமத்தப்பட்ட குற்றம் இன்னதென்று அவர் எவ்வாறு அறிந்துகொள்வார்?

அவசரநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் சீத்தா கேம்ப். தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் இப்பகுதியில் மேற்கண்ட கேள்வி வெறும் கற்பனை அன்று.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 6ஆம் தேதி திட்டவட்டமான விடை அளித்தது. அந்த வழக்கும் மும்பையைச் சேர்ந்ததே. 2024 ஜூலையில் வொர்லியில் கார் மோதி ஒரு பெண் உயிரிழந்த சம்பவத்தில் கைதான மிஹிர் ராஜேஷ் ஷா, கைதுக்கான காரணம் தமக்கு எழுத்தில் தரப்படவில்லை என்று முறையிட்டிருந்தார். அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகியோர் அடங்கிய அமர்வு இம்மனுவை விசாரித்தது. எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தாலும், அதற்கான காரணத்தைக் கைதானவர் புரிந்துகொள்ளும் மொழியில் எழுத்து வடிவில் தர வேண்டும் என்று அமர்வு தீர்ப்பளித்தது.

உடனடியாக எழுதித் தர இயலாத சூழலில் முதலில் வாய்மொழியாகத் தெரிவிக்கலாம். ஆயினும், காவலில் வைக்கக் கோரி நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாக எழுத்து நகல் கைதானவரின் கையில் இருக்க வேண்டும். தவறினால் கைதும் அதைத் தொடர்ந்த ரிமாண்டும் சட்டவிரோதமாகும்; அவர் விடுவிக்கப்பட வேண்டும். இதனால் வழக்கு ரத்தாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. காரணத்தை எழுத்தில் வழங்கிய பின், தேவையை விளக்கிக் காவல்துறை மீண்டும் நடுவரை அணுகலாம்.

மொழி குறித்த இந்த நிலைப்பாடு புதிதன்று. 1962ஆம் ஆண்டு ஹரிகிஷன் வழக்கில், தடுப்புக் காவலுக்கான காரணங்களை ஆங்கிலத்தில் தந்து, காவல் அதிகாரி இந்தியில் வாய்மொழியாக விளக்கியது போதும் என்று மகாராஷ்டிர அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாய்மொழி விளக்கம் காதில் விழுந்து மறைந்துவிடும். காகிதத்தை வழக்கறிஞரிடம் காட்டலாம்.

அரைகுறை மொழியறிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு சொல் போதும். ‘ஜபாப்’ என்றால் இந்தி அறிந்த தமிழர் ‘பதில்’ என்றே பொருள்கொள்வார். மராத்திக் காவல் நிலைய வழக்கில் அது பதிவு செய்யப்படும் வாக்குமூலம். ‘ஜபாப் கொடு’ என்பது வெறும் கேள்வி பதில் அன்று.

இங்கேதான் கையெழுத்து முக்கியமாகிறது. காவல்துறை விசாரணையின்போது பதிவு செய்யும் வாக்குமூலத்தில், அதை அளித்தவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆவது பிரிவு கூறுகிறது. கைதுக் குறிப்பாணை வேறு. அதில் கைதானவரின் கையெழுத்து பெறப்படும். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள ஆவணம் எதுவாயினும், ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே ஒப்பமிட்டுவிட்டால், பின்னர் ‘எனக்கு விளங்கவில்லை’ என்று வாதிடுவது கடினம். ‘எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்’ என்று அங்கேயே தமிழில் எழுதி ஒப்பமிடுவது, பிற்பாடு வழக்கறிஞருக்குப் பெரிதும் பயன்படும்.

தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகளுக்கு விடையளிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. இது அரசமைப்புச் சட்டத்தின் 20(3)ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும். கைதானவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரப்பட வேண்டும். எனினும், மனைவியிடம் கைதுச் செய்தியைத் தெரிவித்தது, கைதானவரிடமே காரணத்தைத் தெரிவித்ததற்கு ஈடாகாது என்று 2025 பிப்ரவரி 7ஆம் தேதி விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

வழக்கறிஞரைப் பொறுத்தவரை, விசாரணை நேரம் முழுவதும் அவர் உடனிருக்க இயலாவிடினும், விசாரணையின்போது அவரைச் சந்திக்கும் உரிமை உண்டு. பணமில்லை என்பது தடையாகாது. காவலில் உள்ள எவருக்கும், அவரது வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு. பெண்களுக்கும் சிறாருக்கும் காவலில் இல்லாதபோதும் இவ்வுரிமை உண்டு.

இவ்வுரிமையின் வரலாற்றில் மும்பைக்குத் தனி இடம் உள்ளது. மும்பைச் சிறையில் பெண் கைதிகளின் நிலை குறித்துப் பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே எழுதிய கடிதத்தின் பேரில், கைது குறித்து அருகிலுள்ள சட்ட உதவிக் குழுவுக்கு உடனே தகவல் தர வேண்டும் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012 ஆகஸ்ட் 29ஆம் தேதி, மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாப்பின் மரண தண்டனையை உறுதி செய்த அதே தீர்ப்பில், முதல்முறை முன்னிறுத்தப்படும்போதே வழக்கறிஞர் உரிமையை நடுவர் எடுத்துச் சொல்ல வேண்டும். தவறும் நடுவர் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றும் கூறியது. நாடே வெறுத்த ஒருவரின் வழக்கில் உறுதியான இவ்விதி, சில்லறைத் திருட்டு வழக்கில் சிக்கியவருக்கும் அப்படியே பொருந்தும்.

தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற உதவி எண்ணில் குடும்பத்தாரே தொடர்புகொள்ளலாம். தமிழ் அறிந்த வழக்கறிஞர் வேண்டுமெனக் கேட்கலாம், கிடைப்பது உறுதியன்று. எவரை அமர்த்தினாலும் வக்காலத்துப் படிவத்தில் கைதானவரின் ஒப்பம் தேவைப்படும் என்பதால், முதல் முன்னிறுத்தலின்போதே குடும்பத்தில் ஒருவர் நீதிமன்றத்தில் இருப்பது நல்லது.

விசாரணை தொடங்கிய பிறகும் மொழி உரிமை தொடர்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் அதை விளக்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு கூறுகிறது. மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை வழக்கறிஞர் வாயிலாக முதல் சாட்சி கூண்டேறும் முன்பே நீதிமன்றத்திடம் தெரிவித்துவிட வேண்டும்.