டீசல் எண்ணெயின் உயவுத் திறன்

டிராக்டரும் இறைப்பு எஞ்சினும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் நம் ஊழியர்களிடம் இவ்வாறு கேட்கக்கூடும்: “கந்தகம் நீக்கிய டீசல் பம்பைத் தேய்த்துவிடும் என்கிறார்களே, அதில் சிறிது எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றலாமா?” இக்கேள்வியின் முற்பகுதியில் ஓரளவு உண்மை உண்டு. பிற்பகுதியில் சொல்லப்படும் பரிகாரமோ தீங்கு விளைவிப்பது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரிபொருளே உயவுப் பொருள்

எஞ்சினின் பிஸ்டன், பேரிங் முதலிய உறுப்புகளுக்கு எஞ்சின் ஆயில் உயவு அளிக்கிறது. ஆனால் டீசலை மிகுந்த அழுத்தத்துடன் எஞ்சினுக்குள் செலுத்தும் பம்பின் நிலை வேறு. அதனுள் இயங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் அளவே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்விடைவெளியில் புகுந்து, உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது டீசலேயாகும். பழைய வகைப் பம்புகள் பலவற்றில் அடிப்பகுதி உறுப்புகளுக்கேனும் எஞ்சின் ஆயில் கிடைத்தது. சுழலும் பகிர்வுப் பம்புகளும், இக்காலத்துக் காமன் ரெயில் பம்புகள் பலவும் முழுவதுமாக டீசலையே உயவுக்கு நம்பியிருக்கின்றன.

உயவுத் திறன் வேறு, பாகுத்தன்மை வேறு என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். இரு பரப்புகள் விரைந்து இயங்கும்போது அவற்றிடையே திரவத்தின் படலம் ஒன்று நிற்கிறது. அதன் கனம் பாகுத்தன்மையைப் பொறுத்தது. வேகம் குறைந்தோ, சுமை மிகுந்தோ அப்படலம் மெலியும்போது, உலோகத்தின் மேல் ஒட்டி நிற்கும் மூலக்கூறுகளே தேய்மானத்தைத் தடுக்கின்றன. அந்த ஆற்றலையே உயவுத் திறன் என்கிறோம்.

கந்தகத்துடன் நீங்கியது எது?

டீசலிலுள்ள கந்தகம் எரியும்போது கந்தக டை ஆக்ஸைடு வாயுவும், சல்பேட் நுண்துகள்களும் உண்டாகின்றன. இவை சுவாசத்துக்குக் கேடு விளைவிப்பவை. மேலும், புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிகளையும் கந்தகம் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே நம் நாட்டில் அதன் உச்ச வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் பத்து லட்சத்தில் 2,500 பங்காக இருந்த வரம்பு, 2010-இல் 350, 2017-இல் 50, 2020 ஏப்ரல் முதல் 10 என வந்து நின்றது. இருபது ஆண்டுகளில் இருநூற்றைம்பதில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது சிறிய மாற்றம் அன்று.

கந்தகம் தானே சிறந்த உயவுப் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சுத்திகரிப்பு ஆலையில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வினையூக்கியின் துணையுடன் டீசலின் மீது ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கிறார்கள். அப்போது ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் அடங்கிய சில நுண்ணளவுச் சேர்மங்களும் அழிந்துவிடுகின்றன. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு இயற்கையாகவே உயவு அளித்து வந்தவை இவையே.

இவ்வுண்மை முதலில் வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று ஸ்வீடன். 1991-இல் அங்கு மிகக் குறைந்த கந்தகமுள்ள டீசல் விற்பனைக்கு வந்தது. விரைவில் வாகனங்களின் பம்புகள் வழக்கத்துக்கு மாறாகத் தேய்ந்து பழுதுற்றன. உயவுத் திறனைக் கூட்டும் சேர்மானப் பொருள்களைக் கலக்கத் தொடங்கிய பின்னரே அக்குறை தீர்ந்தது.

சேர்மானப் பொருள் செயற்படும் விதம்

இப்பொருள்களுள் முக்கியமானவை கொழுப்பு அமிலங்களும், அவற்றிலிருந்து பெறப்படும் எஸ்டர்கள், அமைடுகள் ஆகியவையுமாகும். இவற்றின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது; வால் டீசலுக்குள் நீட்டி நிற்கிறது. நாற்று நட்ட வயலில் வேர்கள் மண்ணைப் பற்ற, தாள்கள் மேலே நெருங்கி நிற்பது போன்றது இது. எதிரெதிரான இரு உலோகப் பரப்புகளிலும் இத்தகைய படலம் படிவதால் உலோகங்கள் நேராக உரசுவதில்லை. சோப்பின் மூலக்கூறு பற்றி வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் உடன் எடுத்துக்காட்டலாம்.

தேவைப்படும் அளவு வியப்பூட்டும் வகையில் சிறியது. பத்து லட்சம் பங்கு டீசலுக்குப் பெரும்பாலும் ஐம்பது முதல் முந்நூறு பங்கு வரையிலேயே போதும். இருநூறு பங்கு எனக் கொண்டால், ஐம்பது லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி அளவே ஆகும். தாவர எண்ணெய்களிலிருந்து செய்யப்படும் பயோடீசலும் எஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதனை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலந்தாலே உயவுத் திறன் மீண்டுவிடுகிறது.

பரிசோதனை

உயவுத் திறனை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை, 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள டீசலில் மூழ்கிய எஃகுத் தகட்டின் மேல் 200 கிராம் சுமையுடன் வைக்கிறார்கள். வினாடிக்கு ஐம்பது தடவை வீதம், ஒரு மில்லிமீட்டர் தூரம் முன்னும் பின்னுமாக 75 நிமிடம் அதனை உரசச் செய்கிறார்கள். மொத்தம் இரண்டேகால் லட்சம் தடவை. பின்னர் குண்டின் மேல் உண்டான தேய்மானத் தழும்பை நுண்ணோக்கியால் அளக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி அத்தழும்பு 460 மைக்ரானுக்கு மேற்படலாகாது. அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை

மேற்சொன்ன வரம்புக்கு உட்பட்டே டீசல் விற்பனைக்கு வரவேண்டும் என்பதால், தரமான டீசலை வாங்குவோர் தாமாக எதையும் கலக்கத் தேவையில்லை. கலப்பதால் விளையும் தீமைகள் பின்வருமாறு:

1. எஞ்சின் ஆயிலில் கால்சியம், துத்தநாகம் முதலியவற்றின் சேர்மங்கள் உள்ளன. அவை எரிந்து சாம்பலாகிப் புதிய வாகனங்களின் புகை வடிகட்டியில் தங்கி அடைத்துவிடும். அச்சாம்பல் மீண்டும் எரிந்து நீங்காது.

2. சமையல் எண்ணெயை அப்படியே ஊற்றினால் இன்ஜெக்டர் முனைகளில் கரி படியும். பயோடீசல் என்பது ரசாயன முறையில் மாற்றப்பட்ட பொருள். சமையல் எண்ணெய் அதற்கு ஈடாகாது.

3. அமில வகைச் சேர்மானத்தையும் அளவுக்கு மீறிக் கலக்கலாகாது. எஞ்சின் ஆயிலிலுள்ள காரப் பொருளுடன் அது கூடினால் சோப்புப் போன்ற பொருள் உண்டாகி வடிகட்டியை அடைக்கும்.

4. மண்ணெண்ணெய்க் கலப்படம் எல்லாவற்றிலும் கொடியது. அது பாகுத்தன்மை, உயவுத் திறன் இரண்டையுமே குறைக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று நம்பத்தகாத இடத்தில் டீசல் வாங்கியவர், அதில் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கைப் பம்புக்குச் செலவிட நேரும்.

டீசலில் சேரும் நீரும் தூசியும் பம்புக்குப் பகையே. சேமிப்புப் பீப்பாய்களை மூடி வைத்தல், வடிகட்டியில் தேங்கிய நீரை அவ்வப்போது வெளியேற்றல், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதல் ஆகியவை செலவு குறைந்த பாதுகாப்புகள். எஞ்சின் எளிதில் கிளம்பாமலும், சீராக ஓடாமலும் இருந்து, வடிகட்டியில் மினுமினுக்கும் உலோகத் துகளும் காணப்பட்டால் பம்பு தேய்கிறது என ஐயுறலாம். அந்நிலையில் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் துகள்கள் இன்ஜெக்டர்களையும் கெடுக்கும். உடனே நிறுத்தித் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுமாறு விவசாயிகளுக்கு ஊழியர்கள் அறிவுறுத்த வேண்டும்.